புது லேப்டாப் சூடாகி ஹேங் ஆகிறதா? கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை





2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் நம் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அன்று பழவேற்காட்டில் லேப்டாப் இருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். இன்று கோட்டைக்குப்பம், ஜமீலாபாத், லைட் ஹவுஸ் குப்பம் என்று எங்கு போனாலும் கல்லூரிக்குப் போகும் பிள்ளை இருக்கும் வீட்டில் ஒரு லேப்டாப் இருக்கிறது. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கையடக்கக் கணினியோ மடிக்கணினியோ தருவதாக 2025-26 நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்த பிறகு இந்த எண்ணிக்கை இன்னும் கூடியிருக்கிறது. நம் அறக்கட்டளையின் கல்வி உதவியிலும் லேப்டாப்புக்கான விண்ணப்பங்களே இப்போது அதிகம்.

அதோடு ஒரு புகாரும் கூடியிருக்கிறது. "வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, ப்ராஜெக்ட் ஓட்டினால் அடுப்பு மாதிரி சுடுகிறது, பிறகு அப்படியே நின்றுவிடுகிறது" என்று பிள்ளைகள் அலுவலகத்துக்கு வந்து சொல்கிறார்கள். இதில் பாதிக்கு மேற்பட்டவை வீட்டிலேயே சரி செய்யக்கூடியவை. மீதி உண்மையான பழுது. எது எது என்று தெரியாததால் இரண்டு வகையிலும் நஷ்டம் வருகிறது. ஒரு மாணவர் பழுதான லேப்டாப்பை "போகப் போகச் சரியாகிவிடும்" என்று வைத்திருந்து, மாற்றித் தரும் காலத்தைத் தவறவிட்டார். இன்னொருவர் பழுதே இல்லாத லேப்டாப்பைத் தெருவோரக் கடையில் பிரிக்கக் கொடுத்தார். பிரித்த தடம் இருக்கிறது என்று சொல்லி, பிறகு சர்வீஸ் சென்டர் வாரன்டியை மறுத்துவிட்டது. கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ ஜகாத் நிதியிலிருந்தோ வாங்கிய பொருள் அமானிதம். அதைக் காப்பாற்றத் தேவையான அளவுக்கு இந்த விஷயத்தை எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது.

சூடு எங்கிருந்து வருகிறது?

லேப்டாப்பின் உள்ளே பிராசஸர் என்ற சிப் இருக்கிறது. அது இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது. டைப் செய்யும்போது சூடு குறைவு. வீடியோ எடிட்டிங், ஆட்டோகேட், பெரிய கேம், 30 டேப் திறந்த குரோம், கூடவே ஆன்லைன் வகுப்பு என்று பாரம் ஏறினால் சூடும் பல மடங்கு ஏறும். அந்தச் சூட்டை ஒரு செம்புக் குழாய் எடுத்துச் சென்று மெல்லிய உலோகத் தகடுகளில் சேர்க்கிறது. சிறு ஃபேன் ஒன்று அடியிலிருந்து காற்றை இழுத்து, அந்தத் தகடுகள் வழியாக வெளியே தள்ளுகிறது.

போட்டு இஞ்சின் ஓட்டுபவர்களுக்கு இது புதிதல்ல. இஞ்சின் தண்ணீர் இழுக்கும் வாயில் பாசியோ பிளாஸ்டிக் பையோ அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? இஞ்சினில் எந்தப் பழுதும் இருக்காது, ஆனாலும் சூடேறி நின்றுவிடும். ஏரியின் முகத்துவாரம் தூர்ந்துபோனால் என்ன நடக்கும் என்பதும் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. லேப்டாப்பின் முகத்துவாரம் அதன் அடியிலும் பக்கவாட்டிலும் உள்ள கம்பி போன்ற துளைகள்.

இன்டெல் நிறுவனத்தின் பெரும்பாலான லேப்டாப் பிராசஸர்களுக்கு 100 டிகிரி செல்சியஸ்தான் எல்லை. ஏஎம்டி பிராசஸர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். அந்த எல்லையை நெருங்கியதும் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே போனால் லேப்டாப் சட்டென்று அணைந்துவிடும். இரண்டுமே பாதுகாப்பு ஏற்பாடுகள்.

ஆகவே ஒரு விஷயத்தை நன்றாகக் கவனியுங்கள். சூடு மட்டுமே காரணம் என்றால் லேப்டாப் மெதுவாகும், அல்லது தானாக அணையும். திரை அப்படியே உறைந்து, மவுஸ் அசையாமல், பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டிய நிலை வந்தால் சூட்டோடு நிறுத்தாமல் வேறு காரணங்களையும் தேட வேண்டும். ராம் நினைவகம், டிரைவர் என்ற மென்பொருள், எஸ்எஸ்டி, சார்ஜர் ஆகிய நான்கில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

நம் ஊருக்கே உரிய மூன்று சங்கடங்கள்

ஒன்று, வெயில். சூடு எப்போதும் அதிகச் சூடான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குத்தான் போகும். இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு வேகமாகப் போகும். ஏசி அறையில் 25 டிகிரி என்றால் 100 டிகிரி பிராசஸருக்கும் காற்றுக்கும் வித்தியாசம் 75. மே மாதம் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் 40 டிகிரி என்றால் வித்தியாசம் 60 மட்டுமே. அதே ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் ஐந்தில் நான்கு பங்கு சூட்டைத்தான் வெளியேற்ற முடியும். கடையில் ஏசியில் ஓட்டிக் காட்டும்போது ஒழுங்காக இருந்த லேப்டாப் வீட்டில் திணறுவதற்கு இதுவே முதல் காரணம். பாரமான வேலையை பஜ்ருக்குப் பிறகோ இரவிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, உப்புக் காற்று. ஏரியைப் பார்த்த ஜன்னல் ஓரம் உட்கார நமக்குப் பிடிக்கும், லேப்டாப்புக்கு ஆகாது. ஈர உப்பும் தூசியும் சேர்ந்து தகடுகளில் பசைபோல் ஒட்டும். சார்ஜர் துளையும் யுஎஸ்பி துளையும் பாசி பிடித்ததுபோல் பச்சையாகும். புது லேப்டாப்பில் இது உடனே வராது. ஆனால் ஒரு வருடத்தில் வரும். வேலை முடிந்ததும் நன்றாக ஆறவிட்டு, மூடி, பையில் வையுங்கள்.

மூன்று, மின்சாரம். வோல்டேஜ் குறைவதால் லேப்டாப் ஹேங் ஆகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான லேப்டாப் சார்ஜர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும், அதனால் அது அரிது. மின்சாரம் போய்த் திரும்பும்போது வரும் திடீர் எழுச்சிதான் ஆபத்து. அதற்கு ஒரு ஸ்பைக் கார்டு போதும். மூன்று முள் பிளக்கின் ஒரு முள்ளை உடைத்துச் செருகாதீர்கள். உலோக உடல் கொண்ட லேப்டாப்பில் கை வைத்தால் சுருக்கென்று இருந்தால் வீட்டின் எர்த் சரியில்லாமல் இருக்கலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள்.

முதல் கட்டம்: எதையும் தொடாமல் பார்ப்பவை

மடிக்கணினி என்று பெயர் வைத்துவிட்டார்கள், ஆனால் மடி அதற்கு இடமில்லை. பாய், தலையணை, மெத்தை எதுவும் ஆகாது. துணி அடித்துளைகளை அடைத்துவிடும். மரப் பலகை, மேசை, அல்லது தட்டையான பெரிய புத்தகம் ஒன்றின் மேல் வையுங்கள். பின்பக்கம் இரண்டு பாட்டில் மூடிகளை முட்டுக் கொடுத்து இரண்டு சென்டிமீட்டர் உயர்த்துங்கள். காசு கொடுத்து வாங்கும் கூலிங் பேட் செய்வதில் பெரும் பங்கை இந்த இரண்டு மூடிகளே செய்துவிடும். கீபோர்டின் மேல் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

பாரமான வேலை ஓடும்போது காற்று வெளிவரும் துளையில் கை வைத்துப் பாருங்கள். சூடான காற்று வேகமாக வந்தால் ஃபேன் தன் வேலையைச் செய்கிறது. லேப்டாப் சுடுகிறது, ஆனால் காற்றே வரவில்லை, அல்லது கரகரவென்று சத்தம் வருகிறது என்றால் அது பழுது. வேறெதையும் முயலாமல் வாரன்டிக்குப் போங்கள். (ஃபேனே இல்லாத மாடல்களும் உண்டு. உங்களுடையது அப்படியா என்று பெட்டியிலோ கையேட்டிலோ முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.)

புது லேப்டாப்பை முதன்முதலில் இன்டர்நெட்டோடு இணைத்ததும் விண்டோஸ் பின்னணியில் அப்டேட்களை இறக்கும், கோப்புகளைப் பட்டியலிடும். முதல் இரண்டு மூன்று நாட்கள் ஒன்றும் செய்யாமலேயே சூடாவது இதனால்தான். சார்ஜரில் போட்டு, ஓரிரவு முழுக்க அதை முடிக்கவிட்டு, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்த பிறகு மதிப்பிடுங்கள்.

சார்ஜரின் மேல் எழுதியிருப்பதையும் படியுங்கள். 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்றிருந்தால் இரண்டையும் பெருக்கினால் 65 வாட். பெட்டியில் வந்த சார்ஜருக்குப் பதிலாக மொபைல் சார்ஜரிலோ குறைந்த வாட் சார்ஜரிலோ ஓட்டினால், பாரம் ஏறும்போது லேப்டாப் திணறும்.

இரண்டாம் கட்டம்: டாஸ்க் மேனேஜர் சொல்வதைக் கேட்பது

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்த வேலையில் ஹேங் ஆகிறதோ அதை ஓட்டுங்கள். நான்கு நிலைகளில் ஒன்றைக் காண்பீர்கள்.

1. சிபியு 100 சதவீதத்தில் நிற்கிறது. கீழே ஸ்பீட் என்றும் பேஸ் ஸ்பீட் என்றும் இரண்டு எண்கள் இருக்கும். பாரம் முழுதாக இருக்கும்போதே ஸ்பீட், பேஸ் ஸ்பீடுக்கும் வெகு கீழே இறங்கிவிட்டால் பிராசஸர் தன்னைத்தானே கட்டுப்படுத்துகிறது. சூடு அல்லது சார்ஜர்தான் காரணம்.

2. மெமரி 90 சதவீதத்துக்கு மேல். 8 ஜிபி ராமில் விண்டோஸும் அதன் சேவைகளுமே 3 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். இடம் தீர்ந்ததும் எஸ்எஸ்டியை ராம் போலப் பயன்படுத்தத் தொடங்கும், எல்லாம் நத்தை வேகமாகும். டேப்களை மூடுவதே உடனடித் தீர்வு. ராம் கூட்ட இடம் உள்ள மாடல் என்றால், அதை அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

3. டிஸ்க் 100 சதவீதம், அல்லது சி டிரைவில் இடமே இல்லை. வாட்ஸ்அப் வீடியோக்களையும் பழைய டவுன்லோடுகளையும் அகற்றி, ஐந்தில் ஒரு பங்காவது காலியாக வைத்திருங்கள்.

4. எதுவுமே நிரம்பவில்லை, ஆனாலும் உறைந்து நிற்கிறது. இதுதான் கவலைப்பட வேண்டிய நிலை. டிரைவர் அல்லது உறுப்புப் பழுதாக இருக்கலாம். மூன்றாம் கட்டத்துக்குப் போங்கள்.

மூன்றாம் கட்டம்: மென்பொருள்

செட்டிங்ஸில் பவர் பகுதிக்குப் போய் பவர் மோடை 'பேலன்ஸ்டு' என்று மாற்றுங்கள். வேகம் சற்றுக் குறையும், சூடு நன்றாகக் குறையும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் உள்ளே 'மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்' என்ற வரி தெரிந்தால் (சில மாடல்களில் தெரியாது) அதை 100இலிருந்து 99 ஆக்கிப் பாருங்கள். பெரும்பாலான லேப்டாப்களில் இது 'டர்போ' என்னும் கூடுதல் வேகத்தை நிறுத்திவிடும். 99 வைத்ததும் ஹேங் நின்றுவிட்டால் காரணம் சூடு அல்லது மின்சக்தி. 99இலும் அதேபோல் உறைந்தால் காரணம் வேறு. ஒரு எண்ணை மாற்றி இவ்வளவு தெரிந்துகொள்ளலாம்.

லேப்டாப்போடு சில மாத இலவசத்துக்கு வரும் வைரஸ் தடுப்பு மென்பொருள் வேண்டாம் என்றால் நீக்கிவிடுங்கள். விண்டோஸில் உள்ள பாதுகாப்பே அதன் இடத்தை எடுத்துக்கொள்ளும். காசு கொடுக்காமல் நண்பர்களிடமிருந்து பென்டிரைவில் வாங்கிய 'கிராக்' மென்பொருள்களை அறவே தவிருங்கள். அனுமதியின்றி எடுப்பது மார்க்கத்திலும் சட்டத்திலும் தவறு என்பது ஒரு பக்கம். அவற்றோடு ஒளிந்து வரும் சில நிரல்கள், யாரோ ஒருவருக்குக் கிரிப்டோ நாணயம் சம்பாதித்துத் தர உங்கள் பிராசஸரை இரவு பகலாக ஓட்டிச் சூடாக்கும் என்பது மறுபக்கம்.

பிறகு, லேப்டாப் கம்பெனியின் சொந்தச் செயலியிலிருந்தோ இணையதளத்திலிருந்தோ மட்டும் டிரைவர், பயாஸ் இரண்டையும் அப்டேட் செய்யுங்கள். பயாஸ் அப்டேட் நடக்கும்போது சார்ஜர் செருகியிருக்க வேண்டும், பேட்டரியும் நிறைந்திருக்க வேண்டும், பாதியில் அணைக்கவே கூடாது.

"அப்டேட்டால் சூடு எப்படிக் குறையும்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு நிகழ்ச்சி. 2018 ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் மிக விலையுயர்ந்த புது மேக்புக் புரோவை வெளியிட்டது. டேவ் லீ என்ற யூடியூபர் அதில் ஒரு வீடியோவை ஏற்றுமதி செய்தபோது 39 நிமிடம் ஆனது. அதையே ஃப்ரீசருக்குள் வைத்துச் செய்தபோது 27 நிமிடத்தில் முடிந்தது. சூட்டினால் பிராசஸர் எவ்வளவு முடங்கியிருந்தது என்பது உலகத்துக்கே தெரிந்துபோனது. சில நாட்களில் ஆப்பிள், சூட்டை நிர்வகிக்கும் மென்பொருளில் ஒரு டிஜிட்டல் திறவுகோல் விடுபட்டுப்போனதாக ஒப்புக்கொண்டு, அப்டேட் வெளியிட்டுச் சரி செய்தது. பிரித்துப் பார்த்து எந்த உறுப்பையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. (இதைப் படித்துவிட்டு யாரும் லேப்டாப்பை ஐஸ் பெட்டியின் மேலோ ஃபிரிட்ஜிலோ வைத்துவிடாதீர்கள். வெளியே எடுத்ததும் உள்ளே நீர் முத்து கோத்து, போர்டே போய்விடும்.)

நான்காம் கட்டம்: பழுதா என்று உறுதி செய்வது

ஸ்டார்ட் பட்டனை அழுத்தி 'ரிலையபிலிட்டி' என்று தட்டினால் 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' வரும். எந்தத் தேதியில் என்ன கோளாறு என்று சிவப்புக் குறியோடு விண்டோஸே பதிந்து வைத்திருக்கும். அதை மொபைலில் படம் எடுங்கள். 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' ராமைச் சோதிக்கும். டெல் லேப்டாப்பை ஆன் செய்தவுடன் எஃப் 12, ஹெச்பியில் எஃப் 2 தட்டினால் கம்பெனியின் சொந்தச் சோதனைக்குப் போகலாம். ஃபேன், ராம், எஸ்எஸ்டி, பேட்டரி எல்லாவற்றையும் பார்த்து, பிழை இருந்தால் ஒரு குறியீட்டு எண் தரும். அந்த எண்ணைச் சொன்னால் சர்வீஸ் சென்டரில் "ஃபார்மட் செய்து பாருங்கள்" என்று திருப்பி அனுப்புவது கடினம்.

லேப்டாப் உறைந்து நிற்கும்போது ஒரு நிமிட வீடியோ எடுத்து வையுங்கள். கடையில் போய்க் காட்டும்போது அது ஒழுங்காக ஓடும் என்பது எல்லோரும் அறிந்த அனுபவம்.

பேட்டரி விஷயத்தில் மட்டும் எந்தச் சோதனையும் வேண்டாம். லேப்டாப்பின் அடிப்பாகமோ டச்பேடோ உப்பினால், இனிப்பான ரசாயன வாடை வந்தால், உடனே அணைத்து, சார்ஜரை எடுத்து, பிள்ளைகள் தூங்கும் அறையிலிருந்து அப்புறப்படுத்தி, சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். 2006இல் டெல் நிறுவனம் தீப்பிடிக்கும் அபாயத்தால் 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. புதுப் பொருளிலும் இது நடக்கும்.

உங்கள் உரிமை

வாங்கிய முதல் வாரத்தை வீணாக்காதீர்கள். மாற்றித் தரும் காலம் பல இடங்களில் 7 அல்லது 10 நாள்தான், பில்லில் பாருங்கள். பெட்டியைப் பிரித்த அன்றே உங்கள் படிப்புக்குத் தேவையான மிகப் பாரமான வேலையை ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். பில், பெட்டி, சீரியல் எண் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். வாரன்டி முடியும்வரை வெளியாள் யாரும் ஸ்க்ரூவைத் தொடக் கூடாது. அரசு வழங்கிய லேப்டாப் என்றால் உங்கள் கல்லூரி வழியாகவே முதலில் எழுத்தில் தெரிவியுங்கள்.

விற்றவரும் கம்பெனியும் தட்டிக் கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் சொல்லலாம். அதிலும் தீரவில்லை என்றால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

கடைசியாக ஒன்று. லேப்டாப் போனால் மாற்றலாம், அதிலிருந்த உழைப்பு போனால் திரும்பாது. இறுதியாண்டு மாணவி ஒருவரின் நான்கு மாத ப்ராஜெக்ட், லேப்டாப் உறைந்து, வலுக்கட்டாயமாக அணைத்த ஒரே இரவில் கெட்டுப்போனது. வழிகாட்டிப் பேராசிரியருக்கு முன்பே மின்னஞ்சலில் அனுப்பியிருந்த பிரதியால்தான் அவர் தேர்வெழுத முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கன்ட்ரோல் எஸ். ஒவ்வொரு நாளும் பென்டிரைவில் ஒரு பிரதி, கூகுள் டிரைவில் ஒரு பிரதி. இதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனைகளைத் தனியாகச் செய்யத் தயங்கும் மாணவ மாணவியர் சனிக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பின் பில்லோடும் சார்ஜரோடும் அறக்கட்டளை அலுவலகத்துக்கு லேப்டாப்பைக் கொண்டு வரலாம். கணினி படித்த நம் இளைஞர்கள் இருந்து பார்த்துச் சொல்வார்கள், கட்டணம் ஏதும் இல்லை. சகோதர சமுதாயத்து மீனவக் குடும்பங்களின் பிள்ளைகளும் தாராளமாக வரலாம். புகார்க் கடிதம் எழுத வேண்டியிருந்தால் அதற்கும் உதவுவோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.

செயலாளர்